டிவிடி கீறலுக்குப் பற்பசை தேய்க்கலாமா?

கேள்வி: 2007இல் நடந்த எங்கள் திருமண டிவிடியில் கீறல் விழுந்துவிட்டது. தாலி கட்டும் காட்சி வந்ததும் படம் அப்படியே நின்றுவிடுகிறது. பற்பசை தேய்த்தால் சரியாகும் என்கிறார் நாத்தனார். தேய்த்துப் பார்க்கலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: தேய்க்கலாம், ஆனால் இன்றைக்கே வேண்டாம். அதற்கு முன் உறவினர் வீடுகளில் விசாரியுங்கள். திருமண டிவிடியை ஸ்டூடியோக்காரர்கள் இரண்டு மூன்று பிரதிகளாகக் கொடுப்பது அப்போது வழக்கம். உங்கள் பிறந்த வீட்டு பீரோவில் ஒன்று உறை பிரிக்காமல் கிடக்கலாம்.

கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். டிவிடி என்பது 0.6 மி.மீ. கனமுள்ள இரண்டு தட்டுகளை ஒட்டிச் செய்தது; பதிவு அவற்றின் நடுவே இருக்கிறது. கீழ்ப்பக்கக் கீறல் பெரும்பாலும் பதிவைத் தொடுவதில்லை. லேசர் ஒளியைச் சிதறடித்துத் தடுக்கிறது, அவ்வளவுதான். சிடி என்றால் கதை வேறு. அதன் பதிவு பெயர் அச்சிட்ட மேல்பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. மேல்பக்கம் கீறப்பட்டு, விளக்குக்கு நேரே பிடிக்கும்போது அங்கே வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் அந்தப் பகுதி போனதுதான்.

முதலில் கழுவுங்கள். கீறல் என்று நினைப்பது பல நேரம் விரல்ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போதும். பழைய பனியன் துணியால், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடையுங்கள்; வட்டமாக வேண்டவே வேண்டாம். பதிவு உள்ளிருந்து வெளியே விரியும் ஒரே சுருள்பாதை, சுற்றுக்குச் சுற்று இடைவெளி 0.74 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளித் தகவலைத்தான் மறைக்கும். பிழைதிருத்தும் ஏற்பாடு அதை ஈடுகட்டிவிடும். பாதையோடு ஒட்டி ஓடும் கீறல் தொடர்ச்சியாக மறைப்பதால் படம் நின்றுவிடும். துடைத்த பின் நிழலில் உலர்த்துங்கள். ஸ்டூடியோவில் எழுதித் தரும் டிவிடியில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப்பூச்சு. வெயில் அதைக் கெடுக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் இரண்டும் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

அடுத்து, டிவிடி பிளேயரை விட்டுவிட்டுக் கணினியில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் திணறும் தட்டை இன்னொன்று படித்துவிடுவது அடிக்கடி நடப்பது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மென்பொருளைப் பெரிதும் நம்புகிறேன். படிக்க முடிந்ததை எல்லாம் முதலில் நகலெடுத்து, விடுபட்ட இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும். மறுமுறை வேறு டிரைவில் போட்டால் அந்த இடங்களுக்கு மட்டுமே மீண்டும் முயலும். ஒரேயொரு முறை, எந்த டிரைவிலாவது முழுதாகப் படித்துவிட்டால் போதும். தட்டு பழையபடி பளபளக்க வேண்டிய அவசியமில்லை.

இதற்குப் பிறகும் இடைவெளி இருந்தால் பற்பசையை எடுங்கள். ஜெல் உதவாது, வெள்ளைப் பசையாக இருக்க வேண்டும். அதிலுள்ள நுண்துகள்தான் கீறலின் கூர்மையான ஓரத்தை மழுக்குகிறது. பட்டாணி அளவு எடுத்து, ஈரத்துணியால், கீறல் உள்ள இடத்தில் மட்டும், நடுவிலிருந்து வெளியே சில நிமிடங்கள் மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். அங்கே லேசாக மங்கித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். லேசரின் குவியம் உள்ளே இருக்கும் பதிவின் மீது விழுவதால் வெளிப்பரப்பின் மெல்லிய தேய்மானம் அதற்குப் பெரிய தடையல்ல. மறுபடி டிடிரெஸ்க்யூவை ஓடவிடுங்கள்.

நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறல் பற்பசைக்கு மசியாது. தட்டை இயந்திரத்தில் மெருகேற்றும் கடை கிடைத்தால் கொடுக்கலாம். நடுத்துளையருகே விரிசல் கண்டிருந்தால் டிரைவில் போடாதீர்கள், வேகமாகச் சுழலும்போது உடைந்து சிதறக்கூடும். புளூரே தட்டிலும் இந்த வைத்தியம் கூடாது: அதன் பதிவுக்கு மேல் 0.1 மி.மீ. பூச்சுதான் இருக்கிறது.