நைஸ் என்றால் நல்லதா?

அன்புள்ள ஐயா,

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. போன வாரம் ஒரு சட்டக் கட்டுரையில் ‘எ நைஸ் பாயிண்ட் ஆஃப் லா’ என்று வந்தது. ‘அருமையான சட்டக் கருத்து’ என்று எழுதிக் கொடுத்தேன். சரிபார்த்தவர் அதைச் சிவப்பு மையால் சுழித்து, ‘இங்கே யாரும் யாரையும் பாராட்டவில்லை’ என்று ஓரத்தில் எழுதிவிட்டார். நைஸுக்கு நல்லது என்பதைத் தவிர வேறு என்ன பொருள்? பள்ளியில் கட்டுரையில் நைஸ் என்று எழுதினால் எங்கள் ஆசிரியை அடித்துவிடுவார். சொல்லைத்தான். அப்படி என்ன பாவம் செய்தது அந்தச் சொல்?

நைஸ் டு மீட் யூ, ஐயா.

ச.

அன்புள்ள ச.,

சரிபார்த்தவர் சொன்னது சரிதான். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோலத் தெரியும், இழை இழையாகப் பிரித்துப் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும். அப்படிப்பட்ட சிக்கலைத்தான் சட்டக்காரர்கள் ‘நைஸ் பாயிண்ட்’ என்கிறார்கள். ‘நுட்பமான சட்டப் பிரச்சினை’ என்று போட்டிருந்தால் சிவப்பு மை விழுந்திருக்காது. ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று வந்தாலும் இதே கதைதான். அது நல்ல வேறுபாடு இல்லை, மயிரிழை வேறுபாடு.

இந்த நுட்பப் பொருள்தான் மூத்தது. நீங்களும் நானும் தினமும் புழங்குகிற ‘நல்ல’, ‘இனிய’ என்பதெல்லாம் பின்னால் வந்தவை. ஆனால் நுட்பத்துக்கும் மூத்த ஒரு பொருள் உண்டு, அதைக் கேட்டால் சிரிப்பீர்கள். லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். ‘நெ’ என்பது இல்லை, ‘ஸ்கிரே’ என்பது அறிதல். அது பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஒருவரை நைஸ் என்றால் முட்டாள் என்று திட்டுவதாக அர்த்தம். அதே ‘ஸ்கிரே’யின் வழியில் வந்த இன்னொரு சொல் சயின்ஸ். அறிவியலும் அறியாமையும் ஒரே வேரில் முளைத்தவை.

முட்டாள் எப்படி நல்லவன் ஆனான்? ஒரே நாளில் ஆகவில்லை. முட்டாள் என்பது கோழை, கூச்சக்காரன் என்று திரும்பியது. அப்புறம் எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்கிற, லேசில் திருப்தி அடையாத ஆளைக் குறித்தது. இந்தக் கட்டம்தான் எனக்குப் பிடித்தது. முகம் சுளிக்கிறவனுக்குப் பார்வை கூர்மையாக இருக்கும். அதனால் 1500-களில் துல்லியம், நுட்பம் என்ற பொருள் சேர்ந்தது. அவ்வளவு கூர்ந்து பார்க்கிறவனே ஒரு பொருளை ஏற்றுக்கொண்டால் அது நல்ல பொருளாகத்தானே இருக்க வேண்டும்? சொல் இப்படித்தான் நகர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். எப்படியோ, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இனிமை என்ற பொருள் வந்துவிட்டது. அன்பானவர் என்பது அதற்கும் பிறகு. ‘சில்லி’ என்ற சொல் இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது. பேறு பெற்றவனைக் குறித்துக்கொண்டிருந்தது அசட்டில் போய் முடிந்தது. வழியில் இரண்டும் எதிரெதிரே கடந்து போயிருக்கும், ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாமல்.

நம் பேச்சிலும் ஒரு நைஸ் இருக்கிறது. தூள் நைஸாக இருக்கிறது என்றால் பொடிப்பொடியாக இருக்கிறது. துணி நைஸ் என்றால் மெல்லியது, வழவழப்பானது. ‘நைஸாக நழுவிவிட்டான்’ என்றால் யாருக்கும் தெரியாமல். ‘நைஸாகப் பேசிக் காரியத்தை முடித்துக்கொண்டான்’ என்பதில் நைஸை எடுத்துவிட்டு ‘நயமாக’ என்று வைத்துப் பாருங்கள், வாக்கியம் ஆடாமல் நிற்கும். ஓர் ஆங்கிலேயரிடம் இந்த நைஸ்களைச் சொன்னால் அவர் திருதிருவென்று விழிப்பார். உங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளருக்கு இது ஓர் ஆபத்து. தமிழில் ஏற்கெனவே இருக்கும் சொல்லாயிற்றே என்று கை தானாக எழுதிவிடும்.

ஆங்கிலத்தில் பக்கத்துச் சொல்லைப் பார்க்காமல் நைஸை மொழிபெயர்க்கக் கூடாது. ‘நைஸ் அண்ட் வார்ம்’ என்பதை ‘நல்லதும் வெதுவெதுப்பானதும்’ என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும். அது ‘நல்ல வெதுவெதுப்பு’. ‘நல்ல தூக்கம்’, ‘நல்ல இருட்டு’ என்று நாம் சொல்வதில்லையா, அந்த நல்ல. ஆனால் நம்முடைய ‘நல்ல’ அடி உதைக்கும் வரும், ‘நைஸ் அண்ட்’ பெரும்பாலும் நமக்கு இதமானதோடுதான் சேரும். ‘நைஸ் டு மீ’ என்றால் அவர் என்னிடம் நன்றாக நடந்துகொண்டார். ‘நைஸ் ஆஃப் ஹிம்’ என்றால் அவர் செய்த ஒரு காரியத்துக்காக அவர் குணத்தை மெச்சுவது. ‘நைஸ் ட்ரை’ என்றால் காரியம் நடக்கவில்லை, பெரும்பாலும் கேலி. ‘தட்ஸ் நாட் வெரி நைஸ்’ சாதுவாகத் தெரியும், ஆனால் அது கண்டிப்பு. ‘ஹி இஸ் நைஸ்’ என்று யாராவது நிறுத்தினால், பின்னாலேயே ஒரு ‘பட்’ வருகிறதா என்று காத்திருங்கள்.

நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினேன். ‘எ நைஸ் லிட்டில் பீஸ்’ என்று இரண்டு வரிப் பதில் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கட்டுரை வரவே இல்லை. நான் நைஸைப் பார்த்த கண்ணால் லிட்டிலைப் பார்க்கவில்லை. தலையில் தட்டிக்கொடுத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

உங்கள் ஆசிரியை விஷயத்துக்கு வருவோம். பாதி சரி. ‘நைஸ் டே, நைஸ் பிளேஸ், நைஸ் பீப்பிள்’ என்று எழுதினால் வாசிக்கிறவர் கண்ணுக்கு எதுவுமே தெரியாது, அடிக்க வேண்டியதுதான். ஆனால் பேச்சில் அந்த மொட்டைத்தனமே உதவி. நண்பர் வரைந்த படத்தைக் காட்டுகிறார், உங்களுக்குப் பிடித்தும் பிடிக்காமலும் இருக்கிறது, வேறு எந்தச் சொல்லைச் சொன்னாலும் வம்பு. அங்கே நைஸ் இல்லாவிட்டால் திண்டாட்டம்.

இன்னொன்று. முதல் சந்திப்பில்தான் ‘நைஸ் டு மீட் யூ’. விடைபெறும்போது ‘நைஸ் மீட்டிங் யூ’. ஏற்கெனவே தெரிந்தவரை மறுபடி பார்த்தால் ‘நைஸ் டு சீ யூ’. இது நீங்கள் எனக்கு எழுதும் மூன்றாவது கடிதம், அதனால் ‘மீட்’ சரிப்படாது. நாம் இன்னும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை, அதனால் ‘சீ’யும் சரிப்படாது. ‘நைஸ் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று ஒன்று இருக்கிறது. அதைக் கடிதம் கிடைத்தவன்தான் சொல்ல வேண்டும்.

நைஸ் டு ஹியர் ஃப்ரம் யூ, ச.