‘சொந்தக் காரணம்’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள்: மனிதவளத் தலைவர் பதில்கள்

மனிதவளத் துறையில் 22 ஆண்டுகள் ஆகிவிட்டன. நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீஸில் வருகைப்பதிவு எழுதத் தொடங்கியவன், இப்போது வாகன உதிரிபாக ஆலையில் அந்தத் துறைக்குத் தலைவனாக இருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

“ஹெச்.ஆர். என்றாலே செலவு வைக்கும் துறை” என்கிறார் எங்கள் முதலாளி. உற்பத்தியில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று எப்படிக் காட்டுவது?

முதலாளி சொல்வதில் பாதி நியாயம். ஆயுதபூஜைக்குத் தோரணம் கட்டுவதையும் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதையும் மட்டுமே பார்த்தவர் வேறு என்ன சொல்வார்?

முன்பு நான் இருந்த ஆலையில் புதிதாகச் சேர்பவர்கள் இரண்டு மாதம் தாங்கமாட்டார்கள். விலகல் படிவங்களைப் புரட்டினால் எல்லாவற்றிலும் ‘சொந்தக் காரணம்’ என்றே இருக்கும். சம்பளம் போதவில்லை என்று உற்பத்தி மேலாளர் அடித்துச் சொன்னார். நான் காரணத்தை விட்டுவிட்டு முகவரிகளைப் பார்த்தேன். பெரும்பாலோர் ஒரே பஸ் தடத்துக்காரர்கள்.

ஒருநாள் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்ததும் அந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். நள்ளிரவு தாண்டி, கூட்டுரோட்டில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஊருக்கு மூன்று கிலோமீட்டர். விளக்கு கிடையாது, நாய்கள் உண்டு. கூட இறங்கிய பையன் புளியமரத்தடியில் துழாவி ஒரு குச்சியை எடுத்தான். மதியம் வேலைக்கு வரும்போது அங்கே ஒளித்து வைத்துவிட்டு வருவானாம்.

பஸ் ஊர்வரை போய்வர ஆகும் டீசல் செலவை ஒரு தாளில் எழுதினேன். பக்கத்திலேயே ஆளில்லாத இயந்திரத்தை ஓட்ட மற்றவர்களுக்குக் கொடுத்த இரட்டிப்பு ஓவர்டைம் சம்பளம், கை பழகாதவர்களால் கழிவான உதிரிபாகம், ஆளெடுப்புச் செலவு. முதலாளி தாளை இரண்டு முறை பார்த்தார். அடுத்த வாரம் பஸ் ஊருக்குள் போனது.

உங்கள் முதலாளியிடமும் ‘பணியாளர் ஈடுபாடு’ என்று பேசாதீர்கள். கூட்டல் கழித்தலாகக் கொண்டுபோங்கள்.

விலகல் விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஆண்டுத் தொடக்கத்தில் 200 பேர், முடிவில் 220 பேர் என்றால் சராசரி 210. இடையில் 42 பேர் விலகியிருந்தால் 20 சதவீதம். இந்த ஒற்றை எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். அந்த 42 பேரில் பாதிப்பேர் முதல் 90 நாளுக்குள் போனவர்களா? அப்படியென்றால் ஆளெடுக்கும்போது சொன்னதற்கும் உள்ளே கண்டதற்கும் பொருத்தமில்லை. ஒரே லைனில் இருந்து போகிறார்களா? சூப்பர்வைசரைக் கவனியுங்கள். அவரைத் திட்டுவதற்கு முன் ஒன்று: நல்ல ஃபிட்டரைப் பிடித்து சூப்பர்வைசராக்கிவிட்டு, ஆட்களிடம் எப்படிப் பேசுவது என்று ஒருநாள்கூடச் சொல்லித்தராதது நாம்தான்.

ஒப்பந்தத் தொழிலாளர்களை 470 நாளில் நிறுத்தி, இடைவெளி விட்டு மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதிச் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும். அந்த வரம்புக்குப் பத்து நாள் முன்னால் கத்தரிக்கச் சொல்கிறார்கள். தொழில் தகராறாக இது நீதிமன்றம் போனால், இடைவெளி ஏன் விடப்பட்டது என்ற கேள்விக்குக் கோப்பில் கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். வேலை பழகிய கையை அனுப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து பயிற்சி தருவதன் செலவையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். நியாயத்துக்கு அசையாதவர் சில நேரம் அதற்கு அசைவார்.

திருப்பூரில் சிறிய பின்னலாடை நிறுவனம், 60 பேர். எனக்கெல்லாம் மனிதவளத் தலைவர் தேவையா?

பதவி தேவையில்லை. அந்த வேலையைச் செய்ய ஒருவர் தேவை. பத்துப் பேர் வேலை செய்தாலே 2013-ஆம் ஆண்டு சட்டப்படி, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம். தலைவராக மூத்த பெண் பணியாளர், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகார் தர மூன்று மாதம், விசாரணையை முடிக்க 90 நாள். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பெயர்களை மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டிய இடங்களைப் பார்த்திருக்கிறேன். உறுப்பினருக்கே தான் உறுப்பினர் என்று தெரியாது!

“யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுத்தால்தானே ஆட்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்?

கொடுக்காதீர்கள். பாதுகாப்புக் குறைபாடோ துன்புறுத்தலோ காதில் விழுந்தபின் சும்மா இருக்க உங்களால் முடியாது. “தேவைப்பட்டவர்களைத் தவிர வேறு யாருக்கும் போகாது, யாருக்குச் சொல்கிறேன் என்பதை உங்களிடம் முதலில் சொல்வேன்” என்று சொல்லுங்கள். பத்தில் இரண்டு பேர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். பிறகு அவர்களே வருவார்கள்.

எம்.பி.ஏ. படிக்கவா, சமூகப்பணி படிக்கவா?

எதுவும் பழுதில்லை. சென்னை சமூகப்பணிப் பள்ளி 1952-இல் தொடங்கியது. தமிழ்நாட்டு ஆலைகளின் மனிதவள அலுவலர்களில் சமூகப்பணி படித்தவர்கள் நிறையப் பேர். எதைப் படித்தாலும் முதல் மாதம் ஏசி அறை கேட்காதீர்கள். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு ஐந்தரைக்கே போய் வாசலில் நில்லுங்கள். யார் சாப்பிடாமல் வருகிறார்கள், யார் யாரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் அங்கே தெரியும்.