பழைய வேகன்ஆருக்கு 15 இன்ச் வீல் போடலாமா?

தேவிபட்டினத்தில் பழைய வேகன்ஆர் ஓட்டுகிறீர்கள், 13 இன்ச் வீலைக் கழற்றிவிட்டு 15 போடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம், 14 போதும்.

டயரின் மொத்த உயரம் பெரிதாக மாறக்கூடாது. உங்கள் 145/80 ஆர்13 டயரில் அகலம் 145 மி.மீ., பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், அதாவது 116 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 232. 13 இன்ச் ரிம் என்பது 330, ஆக 562 மி.மீ. 155/65 ஆர்14 போட்டால் 557 வரும், ஸ்பீடோமீட்டர் கணக்கு அதிகம் மாறாது. 15 இன்ச்சில் இதே உயரம் வேண்டுமென்றால் பக்கச்சுவர் 90 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக ரிம்முக்குத்தான். தனுஷ்கோடிப் பக்கம் மணலில் சிக்கினால் காற்றைக் குறைத்து வெளியே வருவதற்கும் அந்தச் சுவர் உயரம் வேண்டும்.

போல்ட் துளை இடைவெளி, நடுத்துளை, ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காருகிறது என்பது) எல்லாம் பொருந்துகிறதா என்று கடையிலேயே ஒரு வீலை மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள்.

அப்புறம், நம் உப்புக் காற்று. செகண்ட்ஹேண்ட் அலாய் வீல் (அலுமினியக் கலவை வீல்) என்றால் டயரைக் கழற்றச் சொல்லி, அது உட்காரும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அரிப்பு பிடித்துவிட்டது. காற்று மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.