‘புரதம் இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தால்

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. போன மாதம் பெருங்குடல் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இரண்டாம் நிலை, நிணநீர் முடிச்சுகளில் பரவவில்லை. ரிப்போர்ட்டில் எம்எல்எச்1, பிஎம்எஸ்2 புரதங்கள் இல்லை, கேஐ-67 80 விழுக்காடு, ஆபரேஷனுக்கு முன் சிஇஏ 6.2 என்று இருக்கிறது. வேகமாக வளரும் ரகம் என்கிறார் சித்தப்பா. எங்கள் அத்தைக்கும் 46 வயதில் கருப்பையில் புற்றுநோய் வந்தது. – ஈசூன் வாசகி

பதில்: சித்தப்பாவைப் பயமுறுத்தியது அந்த 80-ஆகத்தான் இருக்கும். பெருகிக்கொண்டிருக்கும் செல்களில் தென்படும் புரதம் கேஐ-67. மார்பகப் புற்றுநோயில் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு, குடலில் அதை வைத்து யாரும் சிகிச்சையை முடிவு செய்வதில்லை. கட்டி எவ்வளவு முரடு என்று தெரிய, குடல் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நிணநீர் முடிச்சைத் தொட்டிருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

சிஇஏ என்பது குடல் கட்டி ரத்தத்தில் கலக்கவிடும் ஒரு புரதம். அது 5-க்குக் கீழே இருப்பது இயல்பு, சிகரெட் பிடிப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடும். இனி எடுக்கும் எண்தான் முக்கியம். அது இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும்.

சரி, காணாமல்போன புரதங்களுக்கு வருவோம். செல் தன் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்துபவை இவை. இரண்டும் ஜோடி, எம்எல்எச்1 போனால் பிஎம்எஸ்2-உம் தங்காது, அதனால் இதை இரண்டு கோளாறு என்று எண்ணாதீர்கள். குடல் கட்டிகளில் சுமார் 15 விழுக்காடு இந்த வகை. மைக்ரோஸ்கோப்பில் பார்க்க மோசமாகத்தான் தெரியும், ஆனால் பிழைகள் குவிந்து கிடப்பதால் நம் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியன் என்று எளிதில் கண்டுகொள்கிறது, இரண்டாம் நிலையில் திரும்பி வருவதும் குறைவு. வழக்கமான கீமோ மாத்திரையால் இந்த நிலையில் பெரிய பலனில்லை. ‘கீமோ வேண்டாம்’ என்று டாக்டர் சொன்னால் கைவிட்டுவிட்டார் என்று அழாதீர்கள்.

எனக்கு உறுத்துவது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த அத்தைதான். அப்பாவின் அக்காவோ தங்கையோ என்றால், குடலும் கருப்பையும் ஒரே குடும்பத்தில் வருவது லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். அப்பாவின் கட்டியில் பிஆர்ஏஎஃப் என்ற மரபணுவைப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அதில் மாற்றம் இருந்தால் பெரும்பாலும் பரம்பரை இல்லை. மாற்றம் இல்லாவிட்டால் மரபணு ஆலோசனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், முதலில் அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை. லிஞ்ச் உறுதியானால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அந்தக் கோளாறு இருக்க 50 விழுக்காடு வாய்ப்பு, அது இருப்பவர்கள் 20, 25 வயதிலேயே குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஸ்கோப் செய்யத் தொடங்கி ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை தொடர வேண்டும். 50 வயதானதும் எல்லாரும் செய்யும் ஃபிட் மலப் பரிசோதனை அவர்களுக்குப் போதாது.

அப்புறம், அத்தைக்கு வந்தது கருப்பையின் உட்சுவரிலா, வாயிலா? கருப்பை வாயில் என்றால் கதை வேறு. பழைய ரிப்போர்ட் யாரிடமாவது இருந்தால் தேடி எடுத்து, அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் கொண்டுபோங்கள்.