பெட்ரோமாக்ஸ்: பம்ப் கம்பி தானாக மேலே எழும்பினால்

நண்பரே, உங்கள் பெட்ரோமாக்ஸ் விளக்கில் காற்றடித்ததும் பம்ப் கம்பி தானாக எழும்புகிறது, பம்புக் குழாய்க்குள் மண்ணெண்ணெய் ஊறுகிறது என்கிறீர்கள். அப்படியானால் கம்பியின் நுனியிலுள்ள தோல் வாசரை மாற்றிப் பயனில்லை. கோளாறு குழாயின் அடியிலுள்ள ஒருவழி வால்வில்; அடித்த காற்று திரும்பி வராமல் தடுப்பது அதுதான்.

முதலில் காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. பம்பை உருவிவிட்டு, நீளமான திருப்புளியால் வால்வைக் கழற்றுங்கள். உள்ளே சின்ன ஸ்பிரிங்கும் ரப்பர் அல்லது கார்க் துண்டும் இருக்கும். துண்டில் வட்டமாகக் குழி விழுந்திருந்தால் திருப்பிப் போடலாம், ஆனால் புதிது போடுவதே நல்லது. எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பராக வாங்குங்கள்; சைக்கிள் டியூப் துண்டு மண்ணெண்ணெயில் உப்பிப் போகும். வால்வுக்கு அடியிலுள்ள ஈய வாசரையும் பாருங்கள், அது நசுங்கியிருந்தாலும் இதே கசிவுதான்.

மாட்டியபின், விளக்கை ஏற்றாமலே காற்றடித்துச் சிறிது நேரம் விடுங்கள். கம்பி அசையாமல் இருந்தால் சரியாகிவிட்டது.