டர்பனில் பி.காம். படிக்கும் மாணவர் இன்டர்ன்ஷிப்பை எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும்?

சாட்ஸ்வொர்த்தில் வசித்துக்கொண்டு குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெரிய நிறுவனங்களில் அறிமுகமானவர் எவரும் குடும்பத்தில் இல்லை என்றும், விண்ணப்பித்த இடங்களிலெல்லாம் முன் அனுபவம் கேட்கிறார்கள் என்றும், உம்லங்காவில் ஓர் அலுவலகம் ஊதியம் இல்லாமல் ஆறு மாதம் வரச் சொல்கிறது, போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் டர்பன் துறைமுகத்தை நம்பி நடக்கும், சரக்குகளுக்குச் சுங்க அனுமதி பெற்றுத்தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சியின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். விடுமுறைப் பயிற்சிக்கு வரும் மாணவர்களை நேர்காணல் செய்வதும் என் பொறுப்புகளில் ஒன்று. ஆகவே மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதைச் சொல்கிறேன்.

பயிற்சி இடம் என்பது நிறுவனத்தின் நல்ல மனத்தால் மட்டும் உருவாவதில்லை. அதற்குப் பின்னால் ஏதோ ஒரு பணம் இருக்கிறது. அந்தப் பணத்துக்கென்று ஒரு காலக்கணக்கும் இருக்கிறது. விளம்பரம் வந்த பிறகு ஆயிரம் பேரோடு சேர்ந்து விண்ணப்பிக்கும் மாணவருக்கும், எந்தப் பணம் எந்த மாதத்தில் புழங்குகிறது என்று அறிந்து அதற்கு முன்பே போய்க் கேட்கும் மாணவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருப்பதில்லை. வேலைவாய்ப்பு வழிகாட்டி நிகழ்ச்சிகளில் கைகுலுக்குவது எப்படி, உடுத்துவது எப்படி என்றெல்லாம் கற்றுத்தருகிறார்கள். இதை மட்டும் யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

தென்னாப்பிரிக்காவில் ஆண்டு ஊதியச் செலவு 5 லட்சம் ராண்டைத் தாண்டும் ஒவ்வொரு நிறுவனமும் அந்தச் செலவில் 1 விழுக்காட்டைத் திறன் மேம்பாட்டு வரியாகச் செலுத்துகிறது. அந்த வரியின் பெரும்பகுதி செட்டா எனப்படும் துறைவாரிப் பயிற்சி அமைப்புகளுக்குப் போய்ச் சேர்கிறது. இப்போது 21 செட்டாக்கள் உள்ளன: கணக்கியலுக்கும் நிதிச் சேவைகளுக்கும் ஃபாசெட், வங்கிகளுக்கு பேங்க்செட்டா, காப்பீட்டுக்கு இன்செட்டா, போக்குவரத்துக்கு டீட்டா என்று ஒவ்வொரு துறைக்கும் ஒன்று. செலுத்திய வரியில் ஒரு பங்கைத் திரும்பப் பெற விரும்பும் நிறுவனம், அடுத்த ஓராண்டில் யாருக்கு என்ன பயிற்சி தரப்போகிறது என்ற திட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30க்குள் தன் செட்டாவிடம் சமர்ப்பிக்க வேண்டும். ஆகவே மனிதவளப் பிரிவில் ஒருவர் அந்தப் படிவத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எத்தனை மாணவர்கள் என்று எண் போடும் காலம் பிப்ரவரியும் மார்ச்சும்தான். உங்கள் கடிதம் அந்த வாரங்களில் போய்ச் சேர்ந்தால் அதைப் படிப்பதற்கு அவருக்கு ஒரு காரணம் இருக்கும். செப்டம்பரில் போய்ச் சேரும் அதே கடிதத்துக்கு அந்தக் காரணம் இருப்பதில்லை.

இதற்கு மேலும் பணங்கள் உள்ளன. செட்டாவில் பதிவுசெய்த லேர்னர்ஷிப், அதாவது பணியும் படிப்பும் சேர்ந்த பயிற்சி ஒப்பந்தத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 12எச் பிரிவு நிறுவனத்துக்குக் கழிவு தருகிறது. ஒப்பந்தம் நடக்கும் ஆண்டுகளுக்கு ஒரு பங்கும், மாணவர் அதை முடித்தால் இன்னொரு பங்கும் கிடைப்பதால், நீங்கள் பாதியில் விட்டுப் போகாமல் இருப்பதில் நிறுவனத்துக்கும் ஆதாயம் உண்டு. 18 முதல் 29 வயது வரையுள்ளவர்களைக் குறைந்த ஊதிய நிலையில் புதிதாக வேலைக்கு எடுப்பவர்களுக்கு 2014 முதல் தனி வரிச் சலுகை ஒன்று நடைமுறையில் இருக்கிறது. 2018இல் தொடங்கிய யெஸ் திட்டம் வேலையில்லா இளைஞர்களுக்குப் பன்னிரண்டு மாத ஊதியப் பணி தருகிறது. பங்கேற்கும் நிறுவனத்தின் பி.இ.இ. (கறுப்பினப் பொருளாதார மேம்பாடு) தரநிலை அதனால் உயர்கிறது. முழுநேர வேலை என்பதால் படிக்கும்போது அது பொருந்தாது. பட்டம் முடித்த ஆண்டுக்கு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பி.இ.இ. என்றதும் நம்மவர் பலர் "அது நமக்கானது இல்லை" என்று கேட்காமலே ஒதுங்கிக்கொள்கிறார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையில் ஆப்பிரிக்கர், கலர்டு எனப்படும் கலப்பின வம்சாவளிச் சமூகத்தவர் ஆகியோருடன் இந்திய வம்சாவளியினரும் சேர்ந்தே இருக்கிறார்கள். பிறப்பாலோ வம்சாவளியாலோ குடிமக்களாக இருப்பவர்களுக்கும், 27-4-1994க்கு முன் குடியுரிமை பெற்றவர்களுக்கும் அது பொருந்தும். அதற்குப் பின் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் இதை எதிர்பார்க்கக் கூடாது. உங்கள் குடும்பம் கரும்புத் தோட்டக் காலத்திலிருந்தே இங்கு இருப்பதாகக் குறிப்பிட்டிருப்பதால் தயங்க வேண்டியதில்லை.

அடுத்தது, எந்தப் பாதை என்பது. உங்கள் பட்டம் சி.ஏ. தகுதியை நோக்கிய பி.காம். கணக்கியலாக இருந்தால், பட்டத்துக்குப் பின் ஓராண்டு முதுநிலைப் படிப்பும் மூன்றாண்டுப் பயிற்சி ஒப்பந்தமும் உண்டு. அந்த ஒப்பந்தத்தைத்தான் இங்கே எல்லோரும் ஆர்ட்டிகிள்ஸ் என்கிறார்கள். பெரிய தணிக்கை நிறுவனங்கள் படிப்பு முடிவதற்கு ஓராண்டுக்கும் மேலாக முன்னதாகவே ஆட்களைத் தேர்ந்துவிடுகின்றன. அவை நடத்தும் குறுகிய விடுமுறைப் பயிற்சி, அதாவது வேக் வொர்க், மாணவரைச் சில நாட்கள் அருகில் வைத்துப் பார்ப்பதற்கான ஏற்பாடுதான். இரண்டாம் ஆண்டில் இருக்கும் உங்களுக்கு இந்த வாசல் இன்னும் திறந்திருக்கிறது, ஆனால் அதிக நாள் இல்லை. மதிப்பெண் அந்த அளவுக்கு இல்லையென்றால் தொழில்முறைக் கணக்கர் அமைப்பான சாய்ப்பாவின் வழி இருக்கிறது. பொருத்தமான பி.காம். பட்டத்துடன் அங்கீகாரம் பெற்ற அலுவலகம் ஒன்றில் மூன்றாண்டு பயிற்சி பெற்றுத் தேர்வு எழுதித் தொழில்முறைக் கணக்கராகலாம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பகுதிகளின் சிறு அலுவலகங்கள் சிலவற்றிலேயே இதற்கு இடமுண்டு. இதை இரண்டாந்தரம் என்று நினைப்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. சிறு அலுவலகத்தில் முதல் ஆண்டிலேயே ஒரு வாடிக்கையாளரின் கணக்கு முழுவதையும் நீங்களே தொட்டுவிடுவீர்கள்.

டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டிப்ளமோ படிக்கும் உங்கள் நண்பர்களுக்குப் பல பாடத்திட்டங்களில் பணியிடப் பயிற்சியே படிப்பின் ஒரு பகுதியாக இருக்கும். இடம் தேடுவதற்குத் துறையும் உதவும். பி.காம். மாணவர்களுக்கு பெரும்பாலும் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் நீங்களே தேட வேண்டும்.

இனி, அறிமுகமே இல்லாதவர் நாளைக்கே தொடங்கக்கூடிய இடம். தனிநபர் வருமான வரிக் கணக்கு தாக்கல் ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் தொடங்குகிறது. பல்கலைக்கழகத்தின் குளிர்கால விடுமுறையும் ஏறத்தாழ அப்போதுதான். அந்த வாரங்களில் நம் பகுதிகளின் வரி ஆலோசகர் அலுவலகங்களில் வாசல்வரை ஆட்கள் நிற்பார்கள். முதலாளி தரும் ஐ.ஆர்.பி.5 ஊதிய-வரிச் சான்றிதழ், மருத்துவக் காப்பீட்டுச் சான்றிதழ், ஓய்வூதிய முதலீட்டுச் சான்றிதழ் ஆகியவற்றை வாங்கிச் சரிபார்த்து, வரித்துறையான சார்ஸ் ஏற்கெனவே நிரப்பிவைத்திருக்கும் தொகைகளோடு ஒப்பிட்டு, விடுபட்டதைக் குறித்துவைக்க ஒருவர் தேவைப்படுவார். கணக்கைச் சமர்ப்பிப்பது பதிவுபெற்ற ஆலோசகரின் வேலை. ஒப்பிடுவது உங்களால் முடியும். மே மாதத் தொடக்கத்தில், தேர்வுக்கு முன்பே, நேரில் போய் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். "எந்த வேலையானாலும் செய்வேன்" என்று எழுதாதீர்கள். "விடுமுறை முழுவதும் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை வர முடியும், சான்றிதழ்களைச் சரிபார்க்கும் வேலையைச் செய்ய முடியும்" என்று எழுதுங்கள். இப்படி வருபவரை மறுப்பது கடினம் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

இரண்டாவது இடம் உங்கள் கோயில். நம் கோயில்களிலும் தமிழ்ச் சங்கங்களிலும் பல, இலாப நோக்கற்ற அமைப்புகளாகப் பதிவு பெற்றவை. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதங்களுக்குள் அவை சமூக மேம்பாட்டுத் துறைக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். கணக்கு அலுவலர் ஒருவரின் எழுத்துபூர்வமான அறிக்கையும் வேண்டும். பொருளாளர் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற பெரியவராக இருப்பார். ரசீதுப் புத்தகங்களை ஒரு பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார். அவற்றை ஓர் ஒழுங்கில் பதிவு செய்யத்தான் ஆள் இருக்காது. காவடித் திருவிழாவின் வரவையும் செலவையும் எக்செலில் ஏற்றி, வங்கி அறிக்கையோடு நேர்செய்து, கணக்கு அலுவலர் கையெழுத்திடும் நிலைக்குக் கொண்டுவந்த மாணவரிடம் முன் அனுபவம் இல்லை என்று எந்த நேர்காணலிலும் நான் சொல்லமாட்டேன். ரொக்கக் காணிக்கையை இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடும் முறையை தான் ஏன் கொண்டுவந்தார் என்று அந்த மாணவர் எனக்கு விளக்கினால், உள்ளகக் கட்டுப்பாட்டைப் புரிந்துகொண்டவர் என்று குறித்துவைப்பேன். பொருளாளரை மதித்து, "ஐயா, நீங்கள் சொல்லச் சொல்ல நான் பதிந்து தருகிறேன்" என்று தொடங்குங்கள். அவருடைய பழைய புத்தகங்களைக் குறை சொல்லித் தொடங்கினால் அந்த வாசல் மூடிவிடும்.

தந்தையின் கடையில் உதவுவதாக ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்திருக்கிறீர்கள். அது ஒரு வரியில் கடக்கக்கூடியதில்லை. சரக்கு வழங்குவோரின் மாத அறிக்கையை நம் பில்களோடு ஒப்பிட்டிருக்கிறீர்களா? 15 விழுக்காடு வாட் கணக்கில் எது கழிக்கத்தக்கது, எது ஆகாது என்று பிரித்திருக்கிறீர்களா? ஊழியர்களுக்கான வரியும் யு.ஐ.எஃப். எனப்படும் வேலையின்மைக் காப்பீட்டுத் தொகையும் மாதந்தோறும் 7ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது தெரியுமா? தெரிந்தால் அதை அப்படியே தன்விவரத்தில் எழுதுங்கள். "கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுபவர்" என்ற சொற்களை எல்லோரும் எழுதுவதால் எங்கள் கண் அவற்றில் நிற்பதே இல்லை.

நேர்காணலில் நான் ஒரு பக்க வங்கி அறிக்கையையும் ஒரு பக்க ரொக்கப் புத்தகத்தையும் கொடுத்து நேர்செய்யச் சொல்வேன். அந்தக் கணக்கு பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் வேறுபாடு வந்ததும் ஒரு தொகையைத் தானாகப் போட்டுச் சமப்படுத்துகிறவரும், எந்தப் பதிவு விடுபட்டது என்று தேடிக் கேள்வி கேட்கிறவரும் அந்தக் கால் மணி நேரத்தில் பிரிந்து தெரிவார்கள். எக்செலில் பிவட் அட்டவணையும் தேடும் வாய்பாடுகளும் தெரிந்திருக்க வேண்டும். சேஜ் பாஸ்டல் இங்குள்ள சிறு நிறுவனங்களில் மிகவும் புழங்குவதால் ஒருமுறையாவது அதில் பதிவு செய்து பார்த்திருப்பது நல்லது. துறைமுகம் சார்ந்த வேலையை விரும்பினால், பன்னாட்டு வணிகத்தில் எந்தச் செலவு யாருடையது என்று வகுக்கும் இன்கோடெர்ம்ஸ் விதிகளையும், ஒரு பொருளுக்குச் சுங்கக் குறியீடு எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பதையும் படித்துவிட்டு வாருங்கள். நாட்டின் கொள்கலன் போக்குவரத்தில் பாதிக்கும் மேல் இந்த ஊர் வழியாகப் போகிறது. ஆனாலும் எங்களிடம் விண்ணப்பிக்கும் வணிகவியல் மாணவர்கள் வங்கிகளுக்கு விண்ணப்பிப்பவர்களைவிட மிகக் குறைவு.

சூலு மக்களின் மொழியான இசிசூலு பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் பல்கலைக்கழகம் 2014 முதல் இளநிலை மாணவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தேர்ச்சிக்கு வேண்டியதை மட்டும் படித்துவிட்டு மறந்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. கிடங்கில் சரக்கு எண்ணும்போதும், ஓட்டுநரிடம் ஒப்புகைச் சீட்டு கேட்கும்போதும், வாடிக்கையாளர் வாசலில் வந்து நிற்கும்போதும் அந்த மொழியில் நாலு வார்த்தை மரியாதையாகப் பேசத் தெரிந்த பயிற்சியாளரை அலுவலகம் விட்டுக்கொடுப்பதில்லை.

சான்றிடப்பட்ட நகல்களைத் தயாராக வைத்திருங்கள். காவல் நிலையத்தில் கட்டணமின்றிச் செய்து தருவார்கள், மூன்று மாதத்துக்கு மேல் பழையதைப் பலர் ஏற்பதில்லை. இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவரிடம் அடையாள எண்ணைக்கூடக் கொடுக்காதீர்கள். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதை 2014ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் தடைசெய்கிறது.

இனி உம்லங்கா அலுவலகம். ஆறு மாதம் ஊதியமின்றி என்பதை இப்போதுள்ள வடிவில் ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து. சாட்ஸ்வொர்த்திலிருந்து நகருக்கு ஒரு மினிபஸ் டாக்சி, அங்கிருந்து உம்லங்காவுக்கு இன்னொன்று, மாலையில் திரும்பவும் இரண்டு. இந்தச் செலவை உங்கள் வீடு சுமக்க, அதன் பலனை அலுவலகம் பெறும். நடுவில் செமஸ்டர் வகுப்புகளும் போகும். ஆனால் உடனே மறுத்துவிடாமல் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். விடுமுறையின் நான்கு வாரங்களுக்கு மட்டும் வர முடியும், பயணச் செலவைத் தர இயலுமா, எந்த வேலைகளை யாருடைய மேற்பார்வையில் செய்வேன், முடிவில் அவற்றைக் குறிப்பிட்டுக் கடிதம் தருவீர்களா, உங்கள் நிறுவனம் எந்த செட்டாவில் பதிவாகியிருக்கிறது, அடுத்த ஆண்டு ஊதியத்துடன் கூடிய லேர்னர்ஷிப்புக்குத் திட்டம் உண்டா என்று கேளுங்கள். இவற்றுக்கு எழுத்தில் பதில் தருகிற அலுவலகத்துக்கு அந்த நான்கு வாரங்களைத் தாராளமாகக் கொடுக்கலாம். பதில் வராவிட்டால் அதே நான்கு வாரங்களை வீட்டுக்கு அருகில் உள்ள வரி ஆலோசகர் அலுவலகத்துக்குக் கொடுங்கள்.