"பாத்துக்கலாம்மா" என்றால் சம்மதமா?

கேள்வி: பி.இ. இறுதியாண்டு படிக்கிறேன். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க எட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்று ப்ராஜெக்ட் கைடு சாரிடம் அக்டோபரிலேயே கேட்டேன். "பாத்துக்கலாம்மா" என்றார். நவம்பர் பாதி ஆகிவிட்டது, ஒரு கடிதமும் போகவில்லை. டிசம்பர் 15 கடைசித் தேதி. மறுபடி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். ஒரு கிலோ ஆற்காடு மக்கன் பேடா வாங்கிக்கொண்டு சார் வீட்டுக்கே போகலாம் என்கிறார் அப்பா. சார் பெயரில் ஒரு ஜிமெயில் தொடங்கி நீயே அனுப்பிவிடு என்கிறாள் தோழி. என்ன செய்யட்டும்?
– ஒரு மாணவி, காட்பாடி

பதில்: தோழி சொன்ன வழிக்குப் பெயர் ஆள்மாறாட்டம். பல பல்கலைக்கழகங்கள் ஆசிரியரின் கல்லூரி மின்னஞ்சலைத்தான் கேட்கின்றன. சந்தேகம் வந்தால் நேரடியாக விசாரிக்கவும் செய்வார்கள். பிடிபட்டால், சேர்ந்த பிறகும் இடம் பறிபோகும். அந்தப் பேச்சை அத்தோடு விடுங்கள். மக்கன் பேடாவுக்குப் பிறகு வருகிறேன்.

"பாத்துக்கலாம்மா" என்பதற்கு நம் பக்கத்தில் "சரி" என்றும் பொருள் உண்டு, "இப்போதைக்கு ஆளை விடு" என்றும் பொருள் உண்டு. அடுத்த வகுப்புக்கு மணி அடித்த பிறகு வராந்தாவில் நடந்துகொண்டே கேட்டிருப்பீர்கள்; அவரும் நடந்துகொண்டே சொல்லியிருப்பார். எத்தனை பல்கலைக்கழகம், எந்தத் தேதி, கடிதத்தை ஏற்றப் பல்கலைக்கழகம் அனுப்பும் லிங்க் எந்த மெயிலுக்கு வரும் என்ற விவரம் எதுவும் அவர் கையில் இல்லை. இந்த மாதங்களில் அவருக்கு செமஸ்டர் தேர்வு, ஹால் சூப்பர்விஷன், அது முடிந்தால் பேப்பர் திருத்தல். உங்களைப் போல ஐந்து பேர், தலைக்கு எட்டு என்றால் நாற்பது லிங்க். ஒவ்வொன்றும் ஒரு தனிப் படிவம். இந்த மாணவியை எத்தனை நாளாகத் தெரியும், வகுப்பில் முதல் 5 சதவீதத்தில் வருவாரா 10 சதவீதத்திலா என்றெல்லாம் டிக் அடித்து, கடைசியில் கடிதத்தை பி.டி.எஃப். ஆக ஏற்ற வேண்டும்.

இந்த நிலையில் போய் "சார், லெட்டர் என்னாச்சு?" என்று நின்றால் கோபம் வரத்தான் செய்யும். மெயிலைத் திறந்தவர் வேறெதையும் தேடாமல் உட்கார்ந்த இடத்திலேயே வேலையை முடிக்க வேண்டும். நினைவூட்டலை அப்படி எழுதுங்கள். பொருள் வரியில் உங்கள் பெயர், பதிவு எண், எட்டில் முதலில் வரும் கடைசித் தேதி. உள்ளே தேதி வரிசையில் ஒரு சின்னப் பட்டியல்: பல்கலைக்கழகம், படிப்பின் சரியான பெயர், கடைசித் தேதி, லிங்க் எந்த நாளில் போனது. (எட்டுக்கும் டிசம்பர் 15 தானா என்று திரும்பப் பாருங்கள். டிசம்பர் 1-லேயே கதவைச் சாத்தும் துறைகள் உண்டு.) மதிப்பெண் பட்டியல், ஒரு பக்க ரெஸ்யூமே, எஸ்.ஓ.பி. (ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் நோக்கக் கட்டுரை) ஆகியவற்றை இணையுங்கள். இவற்றைவிட முக்கியம், அவரிடம் நீங்கள் செய்த வேலையைப் பற்றி ஐந்தாறு வரி. "கடின உழைப்பாளி" என்றெல்லாம் வேண்டாம். உதாரணமாக, ப்ராஜெக்டில் சென்சார் தப்பாகக் காட்டியபோது கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அதை எழுதுங்கள். அவர் கடிதத்துக்கு உயிர் அங்கேதான்.

மெயிலின் வாசகம் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"வணக்கம் சார். அக்டோபரில் தங்களிடம் கேட்ட பரிந்துரைக் கடிதம் தொடர்பாக எழுதுகிறேன். எட்டு லிங்க்குகளும் தங்கள் கல்லூரி மெயிலுக்கு வந்திருக்கும். ஸ்பாமிலும் ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். முதல் கடைசித் தேதி டிசம்பர் 1. நவம்பர் 27-க்குள் முடிந்தால் எனக்கு நிம்மதி. பட்டியலும் மற்றவையும் இணைத்திருக்கிறேன். வேலை அதிகமென்றால் தயங்காமல் சொல்லுங்கள் சார், வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்."

கடைசி வரியை எழுதக் கை கூசும். ஆனாலும் எழுதுங்கள். முடியாது என்று சொல்ல நினைப்பவருக்கு அதுதான் வாசல். வேண்டாவெறுப்பாக எழுதிய கடிதம் வராத கடிதத்தைவிட மோசம். அவர் விலகிக்கொண்டால் உங்களுக்குப் பாடம் எடுத்த இன்னொருவரிடம் போங்கள். பதவி பெரிது என்பதற்காக உங்கள் முகமே தெரியாத முதல்வரிடம் ஓடாதீர்கள்.

சிலர் "தேதியை ஒரு வாரம் முன்னால் பொய்யாகச் சொல்" என்பார்கள். பல்கலைக்கழகம் அனுப்பும் மெயிலிலேயே உண்மைத் தேதி இருக்கலாம், அசிங்கப்படுவீர்கள். மேலே எழுதியதுபோல இரண்டு தேதியையும் சொல்லிவிடுவதே நல்லது.

எத்தனை முறை நினைவூட்டலாம்? இப்போது ஒன்று, கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு ஒன்று, மூன்று நாள் இருக்கும்போது ஒரு போன். புது மெயில் தொடங்காமல் பழையதற்கே பதிலாக அனுப்பினால் பட்டியலும் கூடவே போகும். மெயில் போட்டதைச் சொல்ல வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும். தினமும் ரோஜாப்பூ படத்தோடு குட்மார்னிங் அனுப்புவது இதில் சேராது. நேரில் என்றால், வகுப்பில்லாத பீரியடில் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் அச்செடுத்த பட்டியலைக் கொடுங்கள். சாயங்காலம் ஆற்காடு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரை வழிமறிக்காதீர்கள்.

இனி, அவர்மேல் வருத்தப்படுவதற்கு முன் உங்கள் பக்கத்தைச் சரிபாருங்கள். "கடிதம் வரவில்லை" என்ற புலம்பல் பல நேரம் "லிங்க்கே போகவில்லை" என்றுதான் முடியும். சில தளங்களில் ஆசிரியர் பெயரைச் சேமித்ததும் மெயில் போய்விடும். சிலவற்றில் அனுப்பு என்று தனியாக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இன்னும் சிலவற்றில் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துக் கட்டணம் கட்டிய பிறகுதான் போகும். முகவரியில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் போச்சு. கல்லூரி மெயில் பெட்டி நிரம்பியிருந்தாலும் போச்சு. பெரும்பாலான தளங்களில் விண்ணப்ப நிலைப் பக்கத்திலிருந்தே லிங்க்கை மறுபடி அனுப்பலாம். "கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்ற கட்டமும் ஆசிரியர் விவரம் நிரப்பும் இடத்தில் வரும். 1974-ம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் மாணவருக்குத் தந்த உரிமை அது. விட்டுக்கொடுப்பதே வழக்கம். அப்படிச் செய்தால்தான் எழுதுகிறவரும் மனம்விட்டு எழுதுவார், படிக்கிறவரும் நம்புவார்.

"நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சார் சொன்னால்? நம் கல்லூரிகளில் சகஜம், ஆனால் ஆபத்து. வழக்கமாகக் கேட்கும் மூன்று கடிதத்தையும் நீங்களே எழுதினால் மூன்றும் ஒரே குரலில் பேசும். படிக்கிற குழுவுக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். "குறிப்பு தருகிறேன் சார், வார்த்தை உங்களுடையதாக இருக்கட்டும்" என்று அந்த ஐந்தாறு வரியைக் கொடுங்கள்.

அப்பாவிடம் சொல்லுங்கள், கடிதத்துக்கு முன்னால் போகும் பேடாவுக்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள். கடிதம் போனதும் நன்றி சொல்லி ஒரு மெயில், இடம் கிடைத்ததும் ஒரு கிலோ பேடா. அந்த வரிசை மாறக்கூடாது.

எல்லாம் செய்தும் டிசம்பர் 15 இரவு ஒரு லிங்க் பாக்கி நின்றால், சாரைத் தூக்கத்திலிருந்து எழுப்பாதீர்கள். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் இரவு 11.59 என்று போட்டிருந்தால் நமக்கு மறுநாள் காலை 10.29, மேற்குக் கரை என்றால் பிற்பகல் 1.29. (மாலை 5 மணி என்று போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.) உங்கள் விண்ணப்பம் நேரத்துக்குப் போயிருந்தால், கடிதம் மட்டும் சில நாள் தாமதமாக வருவதைப் பல துறைகள் ஏற்கின்றன, எல்லாத் துறைகளும் அல்ல. ஆகவே சேர்க்கை அலுவலகத்துக்கு இரவே இரண்டு வரி எழுதிக் கேட்டுவிட்டு, 16-ம் தேதி காலை முதல் பீரியடுக்கு முன் ஸ்டாஃப் ரூம் வாசலில் நில்லுங்கள்.